பல் விளக்கும் கை

(ஆலங்குளத்தில் கூடிய மருத்துவமனை ஆதரவாளர் கூட்டத்தில் நமது சாப்ளின் ஐயா ஆற்றிய உரை)



இப்படிப்பட்ட கூட்டங்களில் எத்தனை பிரசவம், எத்தனை கண் அறுவை சிகிச்சை, எத்தனை கிராம முகாம் என்று கணக்குச் சொல்லுவது வழக்கம். அதை நிர்வாகி ஐயா சொல்லிவிட்டார்கள். நாங்கள் பல் விளக்குவதைப்பற்றிப் பேசப்போகிறோம். சிரிக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதைச் சொன்னபோது, "சபையார் காணிக்கை போட வருகிறார்கள், பல் விளக்கக் கற்றுக்கொள்ளவா வருகிறார்கள்?" என்றே கேட்டார்கள்.

காரணம் ஒரு கடிதம். சென்ற செய்திமடலில் நன்றிப் பட்டியலின் கடைசியில், வெளிநாட்டு நண்பர் ஒருவர் சார்ஜ் ஏற்றும் எலக்ட்ரிக் பல் பிரஷ் ஒன்பது அனுப்பினார் என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. அதைப் படித்துவிட்டு, மாதந்தோறும் தவறாமல் இருநூறு ரூபாய் அனுப்புகிற ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "ஐயா, நான் அனுப்புகிறது ஏழைகளுக்கு மருந்து வாங்கவா, பல் விளக்கும் மெஷினுக்கு கரண்ட் ஏற்றவா?" கடிதத்தில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. கேட்கவேண்டிய கேள்விதான். பென்ஷன் பணத்தில் பத்தில் ஒரு பங்கைப் பிரித்துவைத்து அனுப்புகிறவருக்குக் கேட்க உரிமை உண்டு. அவருக்குச் சொல்லவேண்டிய பதிலை உங்கள் எல்லார் முன்பாகவும் சொல்லிவிடுகிறோம்.

ஆலங்குளம் என்றால் ஆலமரமும் குளமும்தானே நினைவுக்கு வரும்? ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு நல்லது என்று நம் பாட்டன்மார் சொல்லுவார்கள். எங்கள் வயதுக்காரர்கள் வேப்பங்குச்சியை மென்று வளர்ந்தவர்கள். உமிக்கரியும் உப்பும் இருந்தது. அதுவும் இல்லாத வீட்டில் செங்கலை இடித்துச் சலித்த தூள். செங்கல் தூள் பல்லின் மேல்பூச்சையே அரித்துவிடும் என்று பல் மருத்துவர் சொல்லித்தான் பிற்பாடு தெரிந்துகொண்டோம். நாங்கள் சொல்லவருவது, எந்தக் குச்சியானாலும் எந்தத் தூளானாலும் அதைப் பிடித்துத் தேய்க்க ஒரு கை வேண்டும். அந்தக் கை ஒருநாள் இல்லாமற்போனால்?

எங்கள் சொந்தக் குற்றம் ஒன்றை இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. சிமெண்ட் ஆலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பக்கவாதம் வந்து நம் வார்டில் சேர்ந்தார். 1970-ல் இங்கே ஆலை தொடங்கியபின் எத்தனை குடும்பங்கள் அதன் சங்கொலிக்கு எழுந்து, சங்கொலிக்கு உண்டு, உறங்கின என்று உங்களுக்குத் தெரியும். அவரும் அப்படி ஒருவர். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் நின்றுவிட்டது. தினமும் காலையில் வார்டைச் சுற்றி வரும்போது நாங்கள் அவர் தலையில் கைவைத்து ஜெபிக்கக் குனிவோம். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். வேற்று மதத்தவர், ஜெபம் பிடிக்கவில்லை என்று நினைத்தோம். ஐந்தாறு நாளுக்குப்பின் தூரத்தில் நின்றே ஜெபித்துவிட்டுப் போனோம். அதில் எங்களுக்கும் ஒரு வசதி இருந்தது. அருகில் போனால் வாய் நாற்றம் தாங்கமுடியவில்லை.

ஒருநாள் அவருடைய மனைவி வராந்தாவில் எங்களை நிறுத்தினார். "சாமி, அவுகளுக்குச் செபம் வேண்டாம்னு இல்ல. வாய் நாறுதுன்னு அவுகளுக்கே தெரியுது. அதான் மூஞ்சியத் திருப்புறாக. நான் விளக்கிவிடப் போனா பல்லக் கடிச்சிக்கிறாக. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருசம் என்னை ஒரு சொம்புத் தண்ணி மோந்து ஊத்த விட்டதில்ல" என்றார். நாங்கள் இறையியல் கல்லூரியில் எபிரெயுவும் கிரேக்கமும் படித்தவர்கள். ஒரு மனிதன் முகத்தைத் திருப்புவதற்கு வெட்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்த அம்மாள் சொல்லித்தான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் மேற்படி பெட்டி வந்து சேர்ந்தது. முதலில் எங்களுக்கும் அந்த ஆசிரியையின் எண்ணம்தான். பணக்காரர் விளையாட்டுச் சாமான் என்று நினைத்து இரண்டு வாரம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டோம். பிறகுதான் அதன் கதையைக் கேள்விப்பட்டோம். 1954-ல் சுவிட்சர்லாந்து தேசத்தில் பிலிப் கீ வூக் என்னும் மருத்துவர் முதல் எலக்ட்ரிக் பிரஷ்ஷை உண்டாக்கினார். கையசைவு குறைந்த நோயாளிகளுக்கு உதவவேண்டும் என்பதே அதன் முக்கிய நோக்கமாக இருந்தது. அது கம்பியோடு சுவரில் செருகுகிற வகை. கம்பியில்லாமல் சார்ஜ் ஏற்றி உபயோகிக்கிற பிரஷ் 1961-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஆகவே இது சோம்பேறிகளுக்காகப் பிறந்த சாமான் அல்ல. சோம்பேறிகளிடம் பிற்பாடு போய்ச் சேர்ந்தது, அவ்வளவே.

யாருக்காவது கொடுக்குமுன் நாமே சோதிக்கவேண்டும் என்று ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனோம். பேஸ்டை வைத்து, கண்ணாடிமுன் நின்று, ஸ்விட்சை அழுத்திவிட்டு வாய்க்குக் கொண்டுபோனோம். பேஸ்ட் முழுவதும் கண்ணாடியிலும், ஆராதனைக்கென்று இஸ்திரி போட்டு மாட்டியிருந்த வெள்ளை அங்கியிலும் தெறித்தது. பிரஷ் வாய்க்குள் போனபின் ஸ்விட்ச், ஸ்விட்சை அணைத்தபின் பிரஷ் வெளியே. இதைக் கற்றுக்கொள்ள ஒரு அங்கியைத் துவைக்கவேண்டியதாயிற்று. முதல் இரண்டு மூன்று நாள் பல் ஈறெல்லாம் கூசும், மூக்குநுனிவரை அரிக்கும். பழைய பழக்கத்தில் நாமும் கையை முன்னும் பின்னும் இழுப்போம். அது கூடாது. ஒவ்வொரு பல்லின்மேலும் சும்மா பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும், தேய்க்கிற வேலையை அது பார்த்துக்கொள்ளும். அழுத்தவும் கூடாது.

சார்ஜ் ஏறுகிற விதம் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிரஷ்ஷின் அடியில் செருகுகிற முள் எதுவும் கிடையாது, முழுவதும் பிளாஸ்டிக். பீடத்தின்மேல் நிறுத்தினால் போதும். பீடத்துக்குள் ஒரு கம்பிச்சுருள், பிரஷ்ஷின் அடியில் ஒரு கம்பிச்சுருள். கீழ்ச்சுருளில் ஓடும் கரண்டின் காந்தம் மேல்சுருளில் கரண்டை உண்டாக்குகிறது. டிரான்ஸ்ஃபார்மரை இரண்டாக வெட்டிப் பாதியைப் பீடத்திலும் பாதியைப் பிரஷ்ஷிலும் வைத்தமாதிரி என்று எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி விளக்கினான். ஈரக் கையில் ஷாக் அடிக்காதிருக்கவே இந்த ஏற்பாடு. இந்த உண்மையை 1831-ல் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடே லண்டனில் ஒரு சிறு கிறிஸ்தவ சபையில் மூப்பராக ஊழியம் செய்தவர். இதை வாலிபர் கூட்டத்தில் சொன்னால் நன்றாகக் கேட்பார்கள்.

ஆனால் ஃபாரடேயையும் மிஞ்சினோம் ஒருநாள். ஒன்பதில் இரண்டு அமெரிக்கப் பீடங்கள், 110 வோல்ட். நமக்கு வருவது 230. பீடத்தின் அடியில் பொடி எழுத்தில் அது அச்சாகியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. தட்டை முள்ளுக்கு ஒரு பிளக் வாங்கிச் செருகினோம். சிறிது நேரத்தில் நர்ஸ் அறையில் ரப்பர் கருகுகிற வாசனை. பீடம் போயிற்று, பிரஷ் தப்பியது. அதே இனத்து வேறு பீடத்தில் வைத்தபோது ஒழுங்காக சார்ஜ் ஏறியது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள்மூலம் சாமான் தருவிக்கிறவர்கள் அந்தப் பொடி எழுத்தை வாசித்துவிடுங்கள்.

ஆலைப் பெரியவருக்கு வருவோம். வார்டு சிஸ்டர் அவரைச் சாய்க்காமல் நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாயின் கீழ் துண்டைக் கட்டி, கிட்னி டிரேயை மடியில் வைத்து, பிரஷ்ஷை இடது கையில் கொடுத்தார். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு பேஸ்ட் ஒரு பயறளவுதான். நுரை தொண்டைக்குள் போய்விடக்கூடாது. முடங்கிய பக்கத்துக் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கித் தங்கிவிடும், அதுதான் நாற்றத்துக்குப் பாதிக் காரணம். ஆகையால் முதலில் அங்கே. முதல் நாள் நுரையெல்லாம் கடைவாய் வழியாக வழிந்தது. அவர் நிறுத்தவில்லை. அந்த பிரஷ் அரை நிமிடத்துக்கு ஒருமுறை சற்று விக்கி, இடம் மாற்றச் சொல்லும். மேல்வலம், மேலிடம், கீழ்வலம், கீழிடம், மொத்தம் இரண்டு நிமிடம். மூன்றாம் நாளே விக்கல் கேட்டவுடன் இம்மி பிசகாமல் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட்டார். "ஷிஃப்டு சங்கு ஊதின மாதிரி நகர்றாக பாருங்க" என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். அந்த வாரம் நாங்கள் ஜெபிக்கக் குனிந்தபோது அவர் முகத்தைத் திருப்பவில்லை. வேறொன்றும் நடக்கவில்லை. அவர் ஞானஸ்நானம் எடுத்தார் என்று சொல்ல நாங்கள் இங்கே நிற்கவில்லை.

எல்லாரும் இதை விரும்பினார்கள் என்றும் சொல்லமாட்டோம். இடுப்பு எலும்பு முறிந்து கிடந்த ஒரு பாட்டியிடம் கொடுத்தபோது, "வாய்க்குள்ள வண்டு விட்ட மாதிரி இருக்கு ஐயா, எடுங்க" என்று துப்பிவிட்டார். மீதியிருந்த பதினொரு பல்லையும் வேப்பங்குச்சியால் அவரே விளக்கிக்கொண்டார், எங்கள் பல்லைவிடச் சுத்தம். அவருக்குக் கை நன்றாக இருந்தது. கை நன்றாக இருக்கிறவர்களுக்கு இது அவசியமா என்றால், 2014-ல் 56 ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்குமேல் உபயோகித்தால், சாதா பிரஷ்ஷைவிடப் பல்லில் படியும் அழுக்கு 21 சதவீதம் குறைவு, ஈறு வீக்கம் 11 சதவீதம் குறைவு. நல்லதுதான். ஆனாலும் இரண்டு நிமிடம் பொறுமையாக விளக்க மனமிருந்தால் முப்பது ரூபாய் பிரஷ்ஷே போதும் என்பது எங்கள் அபிப்பிராயம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா சாப்பிட்ட இரவிலாவது விளக்குங்கள்.

இனி, இந்தப் பக்கத்தில் பேசாமல் இருக்கமுடியாத காரியம் ஒன்று. பட்டாசு. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டதையும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் நடந்ததையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பத்திரிகை மாண்டவர்களை எண்ணுகிறது. பிழைத்தவர்களின் கைகளை யார் எண்ணுகிறார்கள்? தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கி விரல்களை உள்ளங்கையோடு இழுத்துக்கொள்ளும். அப்படி இரண்டு கையும் மடங்கிப்போன ஒரு சகோதரி நம்மிடம் சிகிச்சை பெறுகிறார். எந்த ஊர், எந்த ஆலை என்று சொல்லப்போவதில்லை. மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள். காலையில் அந்தப் பிள்ளைதான் தாய்க்குப் பல் விளக்கி, முகம் கழுவி, தலைவாரிவிட்டுப் பள்ளிக்கூடம் போகவேண்டும். "அது அவசரத்துல ஈறுல குத்திரும், ஐயா. வலிக்குதுன்னு சொன்னா அழும். அதனால சொல்றதில்ல" என்றார் அந்தச் சகோதரி.

சாதா பிரஷ்ஷை விரலில்லாமல் இடுக்கினாலும் தேய்க்கமுடியாது. மணிக்கட்டு அசையவேண்டும், பிடியும் இறுகவேண்டும். இந்த பிரஷ்ஷின் கைப்பிடியோ தடிமனானது. இரண்டு கைகளுக்கும் நடுவில், கூப்பின கைபோல, அணைத்துப் பிடித்துக்கொண்டால் போதும். ஸ்விட்சை மோவாயால் அழுத்தப் பழகிக்கொண்டார். ஆனால் ஈரத்தில் வழுக்கியது. நம் பிசியோதெரபி தம்பி கட்டுத் துணியைச் சுற்றிப் பார்த்தான். ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணிதான், நமக்குப் பஞ்சமில்லை. பிடிமானம் கிடைத்தது, ஆனால் நனைந்து நனைந்து இரண்டே நாளில் வாடை. பிறகு சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டினோம். அது இன்றுவரை நிற்கிறது.

வீட்டுக்குக் கொண்டுபோனபோது வேறு பயம். கரண்ட் பில் ஏறிவிடுமோ என்று மாமியார் பீடத்தைச் செருகவே விடவில்லை. கணக்குப் போட்டுக் காட்டினோம். பீடம் சுமார் ஒரு வாட் இழுக்கும். அறுபது நாள் இரவுபகல் செருகியே கிடந்தாலும் ஒன்றரை யூனிட் ஆகாது. இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் 2016 முதல் இலவசம். உண்மையில் செருகியே வைக்கவும் வேண்டாம். ஒருமுறை முழுவதும் ஏற்றினால் ஒரு வாரம் வரும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலைமுதல் மாலைவரை கரண்ட் நிறுத்துகிற நாளிலும் கவலையில்லை. அந்த வீட்டில் ஒரே பிளக் பாயிண்ட். செல்போனுக்கும் மிக்ஸிக்கும் அதுதான். ஆகவே சனிக்கிழமை இரவு பிரஷ்ஷுக்கு என்று முறை வைத்துக்கொண்டார்கள். பீடத்தில் வழிந்த பேஸ்டுக்கு எறும்பு வரும். தலையைக் கழற்றிக் கழுவாவிட்டால் உள்ளே கறுப்பாகச் சளிபோலக் கட்டும். இதெல்லாம் எந்தக் காகிதத்திலும் எங்கள் கண்ணில் படவில்லை. அந்தச் சகோதரிதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

ஏழு மாதம் நன்றாக நடந்தது. எட்டாம் மாதம் கிராமச் சந்திப்புக்குப் போனபோது பிரஷ் மாடக்குழியில் கிடந்தது. மகள் மறுபடியும் பழைய பிரஷ்ஷால் தாய்க்கு விளக்கிக்கொண்டிருந்தாள். பழுதா என்றால் இல்லை, சார்ஜ் இருக்கிறது. தூரிகை முழுவதும் படுத்து, விரிந்து, ஈறைக் கிழித்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலையை மாற்றவேண்டும். பெட்டியோடு வந்தது ஆளுக்கு ஒரு தலைதான். புதுத் தலை ஒன்றுக்குச் சில நூறு ரூபாய், அதுவும் பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. அவர் ஏன் சொல்லியனுப்பவில்லை? "ஓசியா குடுத்த சாமானுக்கு மேல மேல கேக்கக் கூச்சமா இருந்துச்சு" என்றார். வெகுமதி கொடுத்தபோது போட்டோ எடுத்தோம். எட்டு மாதம் கழித்து அது என்ன ஆகும் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

மாதர் சங்கத்தார் இதைக் கேட்டு, பிடியரிசிப் பணத்தில் முதல் தடவைக்கான தலைகளை வாங்கிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு தலையிலும் ஒரு வண்ண வளையம் உண்டு. ஒரு கைப்பிடியை வீட்டில் இருவர் உபயோகித்தாலும் தலை மாறக்கூடாது என்பதற்காக. வார்டில் பழக்குவதற்கென்று வைத்திருக்கும் பிரஷ்ஷில் ஒவ்வொரு நோயாளிக்கும் தனித் தலை, தனி வண்ணம், படுக்கை எண் எழுதிய டப்பா.

வாயைச் சுத்தமாக வைப்பது அலங்காரம் மட்டுமல்ல என்பதையும் சொல்லவேண்டும். படுத்த படுக்கையாய் இருப்பவர்களின் வாயிலுள்ள கிருமிகள் எச்சிலோடு நுரையீரலில் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டு கவனித்து 2002-ல் வெளியிட்டார்கள். சாப்பிட்டபின் ஒவ்வொரு வேளையும் பராமரிப்பவர்கள் பல் விளக்கிவிட்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு நிமோனியா. அப்படிச் செய்யாதவர்களில் 19 பேருக்கு. அங்கே முக்கியமாய் இருந்தது வேளை தவறாமல் வந்த கை. நம் வார்டில் இரவு ஒரு சிஸ்டருக்கு முப்பது படுக்கை. எந்தக் கையையாவது அவரவருக்கே திருப்பிக் கொடுத்தால் அந்த சிஸ்டருக்கும் உதவி.

இன்னொரு வார்த்தை. ஆமோஸ் தீர்க்கதரிசி 4-ம் அதிகாரத்தில், எபிரெய மூலத்தில், பற்களின் சுத்தத்தைப்பற்றி ஒரு பிரயோகம் வருகிறது. அதன் பொருள் பஞ்சம். தின்ன ஒன்றுமில்லாததால் பல்லில் அழுக்கில்லை. ஆசிரியை அம்மாள் எழுதியதைப் படித்தபோது எங்களுக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. வயிற்றுக்கு இல்லாதவனிடம் பல்லைப்பற்றிப் பேசாதே என்கிறார், அதில் நியாயம் உண்டு. நம் மருத்துவமனையில் மருந்துக்கான பணம் மருந்துக்குத்தான் போகிறது. அவருடைய இருநூறு ரூபாயில் ஒரு பைசாவும் இதற்குப் போகவில்லை என்று கணக்கரிடம் பார்த்து உறுதிசெய்துகொண்டோம்.

ஒன்பதில் இப்போது ஆறு, வீடுகளில் உபயோகத்தில் இருக்கின்றன. ஒன்று வார்டில். ஒன்று பீடமில்லாமல் காத்திருக்கிறது. ஒன்றின் பேட்டரி செத்துவிட்டது. ரேடியோ ரிப்பேர் செய்கிற தம்பி உடைத்துத் திறந்து வேறு செல் பற்றவைத்துக் கொடுத்தான், ஓடியது. ஆனால் ஒட்டின இடத்தில் தண்ணீர் இறங்கி இரண்டு மாதத்தில் நின்றுவிட்டது. நாங்கள் புது பிரஷ் கேட்கவில்லை. தயவுசெய்து இன்னொரு பெட்டி அனுப்பவேண்டாம். ஆறு பேருக்கு வருடத்துக்கு 24 தலைகள், நம்மிடம் உள்ள அதே இனம். இதற்கென்று மனமுள்ளவர்கள் தனிக் கவரில் எழுதிக் கொடுங்கள்.

அந்தச் சகோதரிக்கு அடுத்த மாதம் இடது கையில் மறுபடியும் அறுவை சிகிச்சை. பெருவிரலைப் பிரித்துவிடலாம் என்று டாக்டர் நம்புகிறார். கட்டுப் பிரிக்கும்வரை, மூன்று வாரமாவது, இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்கமுடியாது. மகள்தான் விளக்கிவிடவேண்டும். இந்தத் தடவை அந்த பிரஷ்ஷாலேயே விளக்கிவிட அவளுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். பிரஷ் வாய்க்குள் போனபின் ஸ்விட்ச் என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறோம். அந்த மூன்று வாரத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.